லயத்துக் கோழிகள்: வளர்ப்பும் காவலும்

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றின் வடகரையில் அமைந்த ஊர் நிபோங் திபால். ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார்; அதனை அடுத்துப் பரந்த நெல்வயல்கள். இக்கரையிலோ தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு விளைந்த இம்மண்ணில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. பின்னர்ச் செம்பனை வந்தது. பைராம், கலிடோனியா, டிரான்ஸ்கிரியான் முதலிய தோட்டப் பெயர்கள் இவ்வட்டாரத் தமிழர்க்குப் பழகியவை. பயிர் மாறியது, துரைமார் மாறினர், லயங்கள் பல மறைந்து வரிசை வீடுகளும் அடுக்கு வீடுகளும் எழுந்தன. எனினும், கொல்லையில் சிறிதளவு இடம் வாய்த்த வீடுகளில் கோழிக்கூண்டை இன்றும் காணலாம்.

இக்கோழிகளை மலாய்க்காரர் ‘ஆயாம் கம்போங்’ என்பர். தமிழர் கம்பத்துக் கோழி என்றும் நாட்டுக்கோழி என்றும் வழங்குவர். பண்ணையில் வளரும் முட்டைக்கோழி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இடும். கம்பத்துக் கோழி ஐம்பது இட்டாலே மிகுதி. அவ்வாறிருந்தும் மக்கள் இதனை விடாது வளர்ப்பதற்குக் காரணம் உண்டு. இது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைமுதல். சம்பளப் பணம் கடைக் கணக்கைத் தீர்ப்பதிலேயே கரைந்துவிடும். கோழி விற்ற காசு பிள்ளையின் பள்ளிச் சப்பாத்துக்கும், அவசரத்துக்கு வண்டிச் செலவுக்கும் உதவும். பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு, முனியாண்டி பூசைக்குச் சேவல், எதிர்பாராது வந்த விருந்தினருக்குக் குழம்பு எனக் கூண்டிலிருந்து கிடைக்கும் பயன்கள் பல.

இத்தனைக்கும் தீவனச் செலவு சிறிதே. ஆயினும் பத்துக் கோழியோடு தொடங்கியவர் பத்தாண்டு கழித்தும் பத்துக் கோழியோடுதான் இருக்கிறார். சில வேளை ஒன்றுமே இல்லாமல் நிற்கிறார். இஃது ஏன்? இக்கேள்விக்கு விடை காண்பதே வளர்ப்பு முறையின் உயிர்நாடியாகும்.

கோழியின் இயல்பு

கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழி. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் இன்றும் அது திரிகின்றது. மனிதன் கோழியை வீட்டுப் பறவையாக்கியது எப்போது என்பது பற்றி 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று சுவையான செய்தியைத் தந்தது. தாய்லாந்தில் பான் நொன் வாட் என்னுமிடத்தில், கி.மு. 1650-க்கும் கி.மு. 1250-க்கும் இடைப்பட்ட காலத்து எலும்புகளே வீட்டுக்கோழி என உறுதியாகக் கூறத்தக்கவற்றுள் மிகப் பழையவை என்று அவ்வாய்வாளர் கருதினர். நெல்லும் தினையும் பயிரிடத் தொடங்கிய மனிதர் சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழிகள் குடியிருப்பை அண்டின. அண்டியவை நாளடைவில் தங்கிவிட்டன என்பது அவர்களின் கருத்து.

இவ்வியல்பு இன்றும் மாறவில்லை. கம்பத்துக் கோழி சிந்தியதைப் பொறுக்கி வாழும் பறவை. புழு, பூச்சி, கறையான், புல்விதை, இளந்தழை, சோற்றுப் பருக்கை ஆகியவற்றால் தன் உணவின் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். அதற்காக அது வேலியையும் எல்லையையும் பார்ப்பதில்லை. காலையில் ஒரு வீட்டுக் கூண்டிலிருந்து இறங்கிய கோழி, நண்பகலுக்குள் ஆறேழு வீட்டுக் கொல்லைகளைச் சுற்றிவிடும். அண்டை வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறிச் சண்டைக்கு வித்திடுவதும் இதனாலேயே. லயத்தில் எழும் சச்சரவுகளில் கோழியால் வந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் இதே சுற்றித் திரியும் குணம் சிரிப்புக்குரியதல்லாத வேறொன்றுக்கும் காரணமாகிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

நாள்முறை

கோழி வளர்ப்போரின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. பால்வெட்டுக்கோ காட்டு வேலைக்கோ செல்வோர் புறப்படுமுன் கூண்டைத் திறந்துவிட்டு, ஒரு கைப்பிடி குருணையோ தவிடோ இடுவர். காலைத் தீனியைக் குறைவாகவே இட வேண்டும். வயிறு நிரம்பிய கோழி மேயப் போகாது. மாலைத் தீனி சற்று மிகுதியாக இருக்கலாம். ‘பா, பா’ என்று கூப்பிட்டு மாலையில் தவறாமல் தீனியிட்டால், கோழி பொழுது சாயுமுன் தானாக வந்து கூண்டடையும். மரத்தில் ஏறி உறங்கப் பழகிய கோழியைத் திருத்துவது அரிது.

மாலையில் எண்ணிப் பார்ப்பதும் இன்றியமையாத பழக்கம். எண்ணிக்கை குறைந்தால் அன்றே தேடலாம். எது தலை தொங்கி நிற்கிறது, எது தீனியெடுக்காமல் ஒதுங்குகிறது, எதன் எச்சம் நிறம் மாறியிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கூண்டு தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், கால்களின் மேல் அமைந்திருப்பது நன்று. எச்சம் கீழே விழ இடைவெளி விட்ட பலகைத் தளமும், மழை உட்புகாத கூரையும், காற்றோட்டமும் வேண்டும். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியசு. அதற்கு வியர்வை கிடையாது. புழுக்கம் மிகுந்த இந்நாட்டில் தகரக் கூரையின் கீழ் அடைபட்ட கோழி வாய் திறந்து இளைக்கும். கூரைமேல் அத்தாப்பு ஓலை பரப்பினால் சூடு தணியும். கோழியொன்றுக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாத இடம் இரவில் இருக்க வேண்டும்.

முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. முட்டையோட்டை வறுத்துப் பொடித்துத் தவிட்டோடு கலந்து இடலாம். ஓட்டை முழுதாக வீசினால் முட்டையைக் கொத்தும் தீய பழக்கம் வந்துவிடும்.

அடையும் குஞ்சும்

ஒரு சுற்று முட்டையிட்டு முடித்ததும் கம்பத்துக் கோழி அடைக்கு உட்காரும். பண்ணை இனங்களில் இக்குணம் பெரிதும் நீக்கப்பட்டுவிட்டது. கொல்லையில் வளர்ப்போருக்கோ அடைக்கோழியே குஞ்சு பொரிக்கும் பொறி. கூடையில் காய்ந்த லாலான் புல்லைப் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்தால் போதும். பேராசையால் இருபது வைத்தால் ஓரத்து முட்டைகள் சூடு பெறாமல் கூமுட்டையாகும். ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்திவலை போல் இரத்த நாளங்கள் தெரியும். தெளிவாகத் தெரிவதை நீக்கிவிடலாம். இருபத்தோராம் நாள் குஞ்சு வெளிவரும்.

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?’ என்பது பழமொழி. தாயின் காலால் குஞ்சு சாவதில்லை என்பது மெய்யே. ஆனால் பிறவற்றால் சாகிறது. பொரித்த முதல் மூன்று நான்கு வாரங்களே மிகக் கொடிய காலம். மேலே காகமும் பருந்தும்; கீழே நீர் உடும்பும் பாம்பும் நாயும் பூனையும்; இரவில் மூசாங் எனப்படும் மரநாய். செம்பனைத் தோட்டத்தில் உதிரும் பழத்தை எலி நாடுகிறது; எலியை நாடி நாகமும் மலைப்பாம்பும் வருகின்றன; வந்தவை கோழிக்கூண்டையும் கண்டுகொள்கின்றன. ஆகவே, செம்பனை சூழ்ந்த வீடுகளில் கூண்டின் கம்பிவலை, பாம்பு நுழையாத அளவு நெருக்கமாக இருத்தல் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோழி ஆண்டில் மூன்று முறை அடைகாத்து, முறைக்கு எட்டுக் குஞ்சு பொரித்தால் மொத்தம் இருபத்து நான்கு. அவற்றுள் முறைக்கு இரண்டு மட்டுமே தப்பினால் ஆண்டிறுதியில் கிடைப்பவை ஆறு. முறைக்கு ஐந்து தப்பினால் பதினைந்து. கோழி மிகுதியாக முட்டையிடவில்லை, தீவனம் கூடவில்லை, இனமும் மாறவில்லை. ஆயினும் பயன் இரண்டரை மடங்காயிற்று. இதற்கு வேண்டியதெல்லாம் முதல் மாதத்தில் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்தோ, வலையடித்த சிறு கூண்டில் விட்டோ, நுண்குருணையும் தூய நீரும் கொடுத்துக் காப்பதே. கொல்லைக் கோழியின் குறை முட்டையில் இல்லை, சாவில் இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

கூண்டை வெறுமையாக்கும் நோய்

பருந்தும் பாம்பும் ஒன்றிரண்டைக் கொண்டுபோகும். ஒரு வாரத்தில் கூண்டையே காலியாக்குவது நோய். அம்மை, இரத்தக்கழிச்சல், குடற்புழு எனப் பல இருப்பினும், அவற்றுள் முதன்மையானது வெள்ளைக்கழிச்சல். மலாய்மொழியில் ‘சம்பார் ஆயாம்’ என்பர். 1926-இல் ஜாவாவிலும், அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகர்ப்புறத்திலும் இந்நோய் கண்டறியப்பட்டது. அதனால் உலக வழக்கில் நியூகாசில் நோய் எனப் பெயர் பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவின் குமாவுன் மலைப்பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் தோன்றியமையால், தமிழ்நாட்டில் ராணிக்கெட் நோய் என்றே இன்றும் வழங்குகிறது.

இது வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவது. கோழி சோர்ந்து, இறகு சிலிர்த்து நிற்கும், மூச்சுத் திணறும், பச்சையாகவோ வெண்மையாகவோ கழியும், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுக்கும். கடுவகை வந்தால் காப்பில்லாத கோழிகளுள் பெரும்பாலானவை மாண்டுவிடும். வந்தபின் மருந்தில்லை. மஞ்சளும் வேப்பிலையும் பூண்டும் அரைத்துக் கொடுப்போர் உண்டு. அவற்றால் இவ்வைரஸ் அழிவதில்லை.

முன்னர்க் குறிப்பிட்ட சுற்றித் திரியும் குணத்தின் விளைவு இங்கேதான் வெளிப்படுகிறது. நோயுற்ற கோழியின் எச்சத்திலும் சளியிலும் வைரஸ் வெளிவரும். ஆறேழு கொல்லைகளைச் சுற்றும் கோழி ஆறேழு கூண்டுகளுக்கு அதனைக் கொண்டு சேர்க்கும். மனிதரும் இதற்குத் துணை செய்கின்றனர். ஒரு கோழி சோர்ந்ததும், ‘சாவதற்குள் விற்றுவிடுவோம்’ என்று மற்றவற்றைச் சந்தைக்கு அனுப்புவது பழைய வழக்கம். அவ்வாறு அனுப்பியவை அடுத்த ஊருக்கு நோயை ஏற்றுமதி செய்கின்றன. செத்ததை வாய்க்காலில் வீசினால் நீர்வழியே பரவும். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே முறை.

தடுப்பு மருந்தும் அதன் தடைகளும்

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து நெடுங்காலமாக உண்டு. பண்ணைகள் அதனைத் தவறாமல் பயன்படுத்துகின்றன. கொல்லையில் மட்டும் அது ஏன் எட்டவில்லை? தடைகள் மூன்று. முதலாவது, உயிருள்ள வைரசால் செய்யப்பட்ட வழக்கமான மருந்தை 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் கொண்டுவந்தால் அதன் வலிமை போய்விடும். இரண்டாவது, குப்பிகள் நூறும் அதற்கு மேலுமான கோழிகளுக்குரிய அளவில் வருகின்றன. கலக்கிய மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் எஞ்சியதைக் கொட்ட வேண்டியதுதான். மூன்றாவது, திரியும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பது எளிதன்று.

இத்தடைகளைக் கடக்கும் வழி தேடப்பட்ட இடங்களுள் ஒன்று மலேசியா என்பது பெருமைக்குரிய செய்தி. 1966-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், நலமாயிருந்த கோழியொன்றின் உடலிலிருந்து ‘வி4’ என்னும் வைரஸ் வகை பிரித்தெடுக்கப்பட்டது. அது நியூகாசில் நோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் தீங்கற்றது. குடலில் தங்கிப் பெருகி, கடுவகைக்கு எதிரான காப்பை உண்டாக்கும் இயல்புடையது. 1980-களில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்பிரோவும், அன்று மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றிருந்த செர்டாங் கழகத்தின் அப்துல் லத்தீப் இப்ராஹிம், ஐனி இடெரிஸ் முதலியோரும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி உதவியுடன் இதில் ஈடுபட்டனர். வைரசைச் சூட்டுக்கு உட்படுத்தி, அதில் அழியாது எஞ்சியதையே மேலும் பெருக்கி, வெப்பம் தாங்கும் வகையொன்றைத் தேர்ந்தெடுத்தனர். அதனைத் தீவனக் குருணைமேல் பூசிக் கோழிக்கு உணவாகவே அளித்து ஆராய்ந்தனர். கோழியைப் பிடிக்க வேண்டியதில்லை, ஊசியும் வேண்டியதில்லை, மாலைத் தீனியே மருந்தாயிற்று. மருந்துண்ட கோழியின் எச்சத்தின் வழியே அருகிலுள்ள கோழிக்கும் அத்தீங்கற்ற வைரஸ் ஓரளவு பரவிக் காப்பளித்தது. நோயைப் பரப்பிய அதே நெருக்கம் காப்பையும் பரப்பியது என்க.

1987-இல் இவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது. 1991 அக்டோபரில் இப்பொருள் பற்றிய அனைத்துலகப் பயிலரங்கு கோலாலம்பூரில் கூடிற்று. பின்னர் ‘ஐ-2’ என்னும் மற்றொரு வெப்பந்தாங்கும் வகை குவீன்ஸ்லாந்தில் உருவாயிற்று. மொசாம்பிக், தான்சானியா, வியட்நாம் முதலிய நாடுகளின் சிற்றூர்க் கோழிகளுக்கு அது பயன்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் கொல்லைக் கோழிகளுக்கெனக் குருணை வடிவில் வாய்வழி மருந்தை ஆக்கியுள்ளது. அனுபவத்தில் ஒன்றும் தெளிவாயிற்று. தீனியில் கலந்து கொடுப்பதைவிடக் கண்ணில் ஒரு துளி விடுவதே உறுதியான காப்பைத் தருகிறது. தீனியில் ஒரு கோழி மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் உண்ணக்கூடும். கண்ணில் விட்ட துளி எல்லாவற்றுக்கும் ஒன்றே.

நூறு கோழிக்கு ஒரு குப்பி

வெப்பந்தாங்கும் மருந்து கைக்கு எட்டாத இடத்திலும் வழக்கமான மருந்தைப் பயன்படுத்த வழியுண்டு. அதற்கு வேண்டியது சிறு கணக்கு ஒன்றே. ஒரு வரிசையில் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு எட்டுக் கோழிகள் எனக் கொண்டால் தொண்ணூற்றாறு. நூறு கோழிக்குரிய குப்பியொன்று வரிசை முழுமைக்கும் போதும். ஒருவர் தனியாக வாங்கினால் தொண்ணூற்றிரண்டு பங்கு வீண். பன்னிருவர் சேர்ந்து வாங்கினால் நான்கு பங்கே வீண். செலவும் பன்னிரண்டில் ஒன்றாகும்.

முறை வருமாறு: கால்நடை சேவைத் துறையின் அலுவலகத்திலோ கால்நடை மருத்துவரிடமோ ஆலோசனை பெற்று, நாளொன்றைக் குறிக்க வேண்டும். முதல்நாள் மாலை எல்லாரும் கோழிகளைக் கூண்டில் அடைத்துவைக்க வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், பனிக்கட்டிப் பெட்டியில் மருந்தைக் கொண்டுவந்து, கூண்டு திறக்குமுன் வீடு வீடாகத் துளி விட்டுச் செல்லலாம். இருவர் இருந்தால் போதும். ஒருவர் பிடிக்க, ஒருவர் விடுவார். நலமுள்ள கோழிக்கு மட்டுமே விட வேண்டும். குடிநீரில் கலக்கும் மருந்தாயின், குழாய் நீரிலுள்ள குளோரின் மருந்தைக் கெடுத்துவிடும். கிணற்று நீரோ மழைநீரோ ஏற்றது. காப்பு நிலையானதன்று, மருத்துவர் கூறும் இடைவெளியில், பொதுவாக மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை, மீண்டும் விட வேண்டும். பொரித்த புதுக்குஞ்சுகள் விடுபடாதிருக்கவும் அதுவே வழி.

பன்னிரண்டில் இரண்டு வீட்டார் ஒதுங்கினால் என்ன என்று கேட்கலாம். அவ்விரு வீட்டுக் கோழிகளும் மற்றக் கொல்லைகளில்தான் மேய்கின்றன. நோய் அங்கே தங்க இடம் கிடைக்கிறது. மருந்து பெறாத குஞ்சுகளை அது தாக்கும். ஆகவே, கீரைப்பாத்திக்காகப் பேச்சு நின்ற இரு வீட்டாரும் அந்த ஒரு காலையிலேனும் பேசியாக வேண்டும்.

பறவைக் காய்ச்சல் தந்த பாடம்

இக்கூட்டுப் பொறுப்பை இன்னும் அழுத்தமாக உணர்த்தியது பறவைக் காய்ச்சல். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் எச்5என்1 வகை கம்பத்துக் கோழிகளிடையே கண்டறியப்பட்டது. 2006-ஆம் ஆண்டு மார்ச்சில் பேராக்கிலும் பினாங்கிலும் அது தோன்றியது. நோய் கண்ட இடத்தைச் சுற்றியிருந்த கோழிகள், நலமாயிருந்தவை உட்பட, அதிகாரிகளால் அழிக்கப்பட்டன. ஒரு கூண்டில் தொடங்கியதற்கு ஊர் முழுதும் விலை கொடுத்தது.

வெள்ளைக்கழிச்சலுக்கும் பறவைக் காய்ச்சலுக்கும் வெளி அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே. கண்ணால் கண்டு பிரித்தறிய இயலாது. பின்னது மனிதரையும் பற்றும் ஆற்றலுடையது. எனவே கோழிகள் திடீரெனப் பலவாகச் செத்தால், குழந்தைகளை அண்டவிடாமல், வெறுங்கையால் தொடாமல், கால்நடை சேவைத் துறைக்கு உடனே தெரிவிப்பது கடமை. செத்த கோழியை மறைப்பவர் தம் நட்டத்தை மறைப்பதாக எண்ணுகிறார். உண்மையில் அண்டை வீட்டாரின் ஆபத்தையே மறைக்கிறார். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனிக்கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பதும் இப்பாடத்தைச் சேர்ந்ததே.

இனி வரும் நாளில்

2022-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் தீவனச் சோளத்தின் விலை ஏறியபோது மலேசியாவில் கோழித் தட்டுப்பாடு உண்டாயிற்று. ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியே நிறுத்தப்பட்டது. பண்ணைக்கோழியின் வாழ்வு கடல் கடந்து வரும் சோளத்தையும் சோயாவையும் நம்பியிருப்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. கொல்லைக் கோழி நாட்டின் பசியைத் தீர்த்துவிடாது. ஆனால் தவிட்டையும் புழுவையும் உண்டு வளரும் அது, விலையேற்றத்தின்போது ஒரு குடும்பத்தின் அடுப்பைக் காக்கும்.

லயங்கள் மறைய மறைய இவ்வளர்ப்பும் சுருங்கி வருகிறது. வீட்டுமனைப் பகுதிகளில் இடம் குறைவு; ஊராட்சி மன்ற விதிகளும் உண்டு. கோழி வளர்க்க விரும்புவோர் அவ்விதிகளை முதலில் கேட்டறிதல் வேண்டும். இடமிருந்து வளர்ப்போர் கருத வேண்டியது ஒன்று: கோழி ஒரு வீட்டுக்குச் சொந்தம், அதன் நோயோ வரிசைக்கெல்லாம் சொந்தம். ஆதலின் அதன் காவலும் வரிசைக்கே சொந்தமாதல் வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வரி பிரித்துக் கணக்கெழுதி நடத்தத் தெரிந்த மக்களுக்கு, மூன்று திங்களுக்கு ஒருமுறை ஒரு குப்பி மருந்துக்குச் சில்லறை சேர்ப்பது பெரிய செயலன்று. யாரேனும் ஒருவர் ஒரு சிறு புத்தகத்தில் வீட்டையும் கோழியின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு தொடங்கினால் போதும்.